கடலிடம் கேட்டால்

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பேச்சு முழுவதும் பவுண் விலைதான். அரைமணி நேரத்துக்கு முன் வேதாகமத்தில் யோபு புத்தகத்தின் 28ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள்! நானும் விலை கேட்டேன், மறைப்பானேன்.

அந்த அதிகாரம் சுரங்கத்தில் தொடங்குகிறது. வெள்ளிக்கு விளைவிடம் உண்டு, பொன்னுக்குப் புடமிடும் இடம் உண்டு. ஞானம் எங்கே? ஆழத்தைக் கேட்டால் என்னிடம் இல்லை என்கிறது, கடலும் கைவிரிக்கிறது. திருகோணமலையில் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இதை வாசிப்பது வேறு அனுபவம். இந்த ஆழத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனை பேர் அடிபட்டார்கள்.

அதே அதிகாரத்தில், ஆங்கில வேதாகமங்கள் பலவற்றில் ஞானத்தின் விலை மாணிக்கத்தைவிட உயர்ந்தது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முத்தைவிட. கடலோரத்துக்காரனுக்கு முத்துத்தான் சரி.

வேதாகமம் பணத்தை வெறுக்கிறது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிரசங்கி 7:12இல் பணமும் ஒதுங்கி நிற்க ஒரு நிழல்தான். ஆனால் உயிரைக் காப்பது ஞானம்.

அம்மம்மாவின் சங்கிலி மூன்று முறை அடகுக்குப் போனது. இரண்டு முறைதான் திரும்பி வந்தது. மூன்றாவது முறை எதற்கு என்று கேட்டேன்.

“உன் அம்மாவின் படிப்புக்கு” என்றார்.