பூசானில் நின்ற நீர்மூழ்கி
2023 ஜூலையில் அமெரிக்காவின் 'கென்டக்கி' அணு ஆயுத நீர்மூழ்கி தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் நின்ற படம் இன்று மறுபடி கண்ணில் பட்டது.

ஒளிந்திருப்பதற்கென்றே கட்டிய கப்பல். எல்லோரும் பார்க்கட்டும் என்று கரைக்கு வந்து நிற்கிறது!

1981-க்குப் பிறகு தென்கொரியாவுக்கு அப்படியொன்று வந்ததே இல்லை. அன்றைய அதிபர் யூன் அதற்குள் இறங்கியே பார்த்தார்.

தென்கொரியாவை அணு ஆயுதத்தாலும் காப்போம் என்ற அமெரிக்க வாக்குக்கு அது சாட்சி. ஆனால் அந்த வாக்கை நம்பலாமா என்ற சந்தேகம் பழசுதான். பாரிஸுக்காக நியூயார்க்கை இழக்கத் தயாரா என்று 1961-லேயே அமெரிக்க அதிபர் கென்னடியிடம் பிரான்ஸ் அதிபர் டி கோல் கேட்டார். பிரான்ஸ் சொந்த அணுகுண்டையே நம்பியது.

தென்கொரியாவோ, அணு ஆயுதம் செய்யமாட்டோம் என்று 1975-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2023 ஏப்ரலில் வாஷிங்டனில் அதை மறுபடி உறுதி செய்தது.

இன்னொரு நாட்டின் வாக்கை நம்பி ஆயுதம் செய்யாமல் இருக்க மிகுந்த துணிச்சல் வேண்டும். அந்த வாக்கே தேர்தலுக்குத் தேர்தல் ஆட்டம் காணும்போது, சொந்தக் குண்டு கேட்கும் சியோல் குரல்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயமாக இருக்கிறது.