நான்காவது வாக்கியம்

ஆகஸ்ட் 2
இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 3
மின்னஞ்சலை எத்தனை முறை திறந்தேன் என்று எண்ணுவதை மதியத்தோடு விட்டுவிட்டேன். நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் விண்ணப்பக் கட்டுரையைப் புரட்டி, நான்காவது வாக்கியத்தின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நல்லதற்கா, கெட்டதற்கா?

ஆகஸ்ட் 5
கிடைத்துவிட்டது! வணிகவியல் ஆனர்ஸ். அம்மா அழுதாள். அக்கா, "தெரியும்" என்றாள். தெரியாமல் இருக்குமா? நான்காவது வாக்கியம் அவளுடையது.

ஆகஸ்ட் 11
நிபந்தனைகளை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். சராசரி 4-க்கு 3.5 குறையக் கூடாது. குறைந்தால் ஒரு பருவம் அவகாசம், அப்புறம் சாதாரணப் பிரிவுதான். கூடுதல் கருத்தரங்குகள், கடைசி ஆண்டில் ஆய்வேடு. "சிறிய வகுப்பு" என்பதைச் சலுகைகளின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். சிறிய வகுப்பில் ஒளிந்துகொள்ள ஏது இடம்?

ஆகஸ்ட் 19
இருபத்திரண்டு பேர். எல்லோருக்கும் பேச வருகிறது.

ஆகஸ்ட் 27
நிகழ்வாய்வு வகுப்பு, ஒரு நிறுவனத்தின் கதையை வைத்து விவாதிப்பது. கையைத் தூக்காதவனைத்தான் கூப்பிடுகிறார்கள். இருபது பக்கம் படித்துப் போயிருந்தேன், கேட்டதோ பின்னிணைப்பில் இருந்த, சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பை. லாபம் காட்டும் நிறுவனத்தில் ரொக்கம் ஏன் வற்றுகிறது? கடனுக்கு விற்றது விற்பனையில் ஏறிவிட்டது, பணம் இன்னும் வந்து சேரவில்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

செப்டம்பர் 4
பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு ஒட்டவில்லை. வித்தியாசம் 27. இரவு ஒரு மணி வரை பேரேட்டைத் துழாவினேன். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று வகுப்பில் சொன்னது அப்புறம்தான் உறைத்தது. 63 என்பதை 36 என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பற்றிலும் வரவிலும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை இத்தாலியக் கணிதர் லூக்கா பச்சியோலி அச்சில் விளக்கியது 1494-இல். அன்று முதல் எத்தனை பேர் இந்தப் பிழையில் விழித்துக் கிடந்தார்களோ.

செப்டம்பர் 5
ஒட்டிவிட்டால் எல்லாம் சரி என்று பொருள் இல்லையாம். ஒரு பரிவர்த்தனையை எழுதாமலே விட்டுவிட்டால் இருப்பாய்வு அதைக் காட்டிக்கொடுக்காது. பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை, இரு பக்கமும் அழகாகச் சமமாக இருக்கும்.
தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 12
இன்று வகுப்பில் பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ். 1973-இல் அவர் எழுதியது: படிப்பு ஒருவனுடைய திறமையைக் கூட்டாவிட்டாலும் பட்டத்துக்கு மதிப்பு உண்டு, அது முதலாளிக்கு ஒரு சமிக்ஞை. திறமை குறைந்தவனுக்கு அதைப் பெறுவது அதிகச் சிரமமாக இருக்கும் வரைதான் அந்தச் சமிக்ஞைக்கு மரியாதை. 2001-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். எனக்கு ஆன சிரமம்? அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம்.
அந்த வருடம் அவள் விண்ணப்பித்திருந்தால்.

செப்டம்பர் 13
எரிச்சல். எல்லோர் மீதும்.

செப்டம்பர் 18
நடுவில் இருந்தவரே என் வழிகாட்டி. மேசையில் என் கோப்பு, பென்சில் கோடு அப்படியே. கேட்டேவிட்டேன்.
"அதுவா? 'புத்தகங்களை' என்பதற்குப் பின் ஒற்று விட்டிருந்தீர்கள்."
ஏழு வாரங்கள்! ஒரு 'ப்'புக்காக! அந்தப் பிழையும் அக்காவுடையது.
எழுந்து வரும்போது கேட்டார்: "தோற்றுப்போன நிறுவனங்களின் கணக்குப் புத்தகங்களைப் படிக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்களே, எதிலிருந்து தொடங்கப் போகிறீர்கள்?" நான் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினேன். அடுத்த வியாழக்கிழமை வந்து சொல்லுங்கள் என்றார்.

செப்டம்பர் 19
அக்காவிடம் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னாள். குறித்துக்கொள்ள மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்திருந்தேன்.

செப்டம்பர் 22
குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 24
நாளை வியாழன்.