எண்ணூறு மீற்றர், பெண்கள் பிரிவு

பிள்ளைகளின் ஓட்ட நேரங்களை எழுதிவைத்த கொப்பிகள் என்னிடம் ஒரு அலுமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. இலங்கையின் வன்னியில் மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கப் பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் சேர்ந்தவை. விளையாட்டில் ஆண் பெண் என்று பிரிப்பது பழைய காலத்து எண்ணம், எல்லோரையும் ஒன்றாக ஓடவிட்டால் என்ன என்று யாராவது கேட்டால் முதலில் இந்தக் கொப்பிகளைத்தான் எடுத்துக் கொடுப்பேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களின் பக்கங்களில் பெயரை மறைத்துவிட்டால் எந்த நேரம் பெடியனுடையது, எது பெண்பிள்ளையுடையது என்று கண்டுபிடிக்க முடியாது. நூறு மீற்றரில் பெண்பிள்ளைகள் முன்னுக்கு வந்த வருடங்களும் உண்டு. அவர்கள் ஏறத்தாழ இரண்டு வருடம் முந்தியே வளரத் தொடங்கிவிடுகிறார்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் கணக்கு மாறத் தொடங்கும். பதினாறில் முற்றாக மாறிவிடும். காலையும் மாலையும் விடாமல் பயிற்சி எடுத்த பெண்பிள்ளையை, பயிற்சிக்கே ஒழுங்காக வராத பெடியன் ஒருவன் கடந்துபோவான். இரண்டு வருடத்துக்கு முன்னர் அவனை முந்தியவள் அவள். அந்த வயதில் அவளுடைய முகத்தைப் பார்த்த ஆசிரியருக்குப் பெண்கள் பிரிவு ஏன் வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

காரணம் சோம்பலோ பயமோ இல்லை, உடம்பு. பூப்பு வயதில் ஆண்பிள்ளையின் உடம்பில் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறுகிறது. எலும்பு நீள்கிறது, தசை கூடுகிறது, இதயம் பெருக்கிறது, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் உயர்கிறது. உலகின் உச்சத்திலும் இதே இடைவெளிதான். நூறு மீற்றரில் உசைன் போல்ட் 2009இல் ஓடிய 9.58 செக்கன் ஆண்கள் சாதனை. பெண்கள் சாதனை புளோரன்ஸ் கிரிபித் ஜோய்னர் 1988இல் ஓடிய 10.49. பல நாடுகளில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெடியன்கள் இந்த 10.49ஐ விட வேகமாக ஓடுகிறார்கள். எண்ணூறு மீற்றரில் டேவிட் ருடிஷாவின் 1:40.91க்கும் 1983 முதல் அசையாமல் நிற்கிற யார்மிலா கிரடோச்விலோவாவின் 1:53.28க்கும் இடையில் பன்னிரண்டு செக்கனுக்கு மேல். நீளம் பாய்தலில் ஆண்கள் சாதனை 8.95 மீற்றர், பெண்கள் சாதனை 7.52 மீற்றர். பாய்தலில் வித்தியாசம் ஓட்டத்தைவிடப் பெரிது. ஆண்களின் குண்டு 7.26 கிலோ, பெண்களின் குண்டு 4 கிலோ என்று விதிப் புத்தகம் வைத்திருப்பதும் இதனால்தான்.

எங்கள் ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது கணிதம் படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். பாலால் பிரிக்காமல் திறமையால் பிரிக்கலாமே, குத்துச்சண்டையில் எடையால் பிரிப்பதுபோல் ஓட்டத்தில் நேரத்தால் பிரித்தால் எல்லோரும் தங்களுக்குச் சமமானவர்களோடு ஓடலாமே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பிரித்தால் முதலாம் பிரிவு முழுக்க ஆண்கள். இரண்டாம் பிரிவும் அநேகமாக அப்படியே. உலகத்திலேயே வேகமான பெண், மூன்றாம் தரத்து ஓட்டத்தில் யாருக்கும் தெரியாத பெடியன்களோடு நான்காவதாக வருவாள். எடைப் பிரிவு வைத்தும் தீராது. ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் பளு தூக்கினால் என்ன ஆகும் என்று பதிவேடுகளே காட்டுகின்றன.

அவருக்கு நான் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைச் சொன்னேன். எழுபது வயது கடந்தபின் 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குப் போய்த் தங்கம் வென்று வந்தவர். முல்லைத்தீவே கொண்டாடியது. அவர் இருபது வயதுப் பெண்களோடும் ஓடவில்லை, எழுபது வயது ஆண்களோடும் ஓடவில்லை. தன் வயதுப் பெண்களோடு ஓடினார். அதனால் அந்தத் தங்கம் குறைந்த தங்கம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. வயதால் பிரித்ததும் பாலால் பிரித்ததும் சேர்ந்துதான் அந்த அம்மாவின் ஓட்டம் நம் கண்ணில் பட்டது. பொதுவில் ஓடவிட்டிருந்தால் அவர் கடைசியாக வந்த ஒரு கிழவி, அவ்வளவுதான்.

ஆக, ஓட்டத்திலும் பாய்தலிலும் எறிதலிலும் பிரிவு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எல்லாவற்றிலும் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகளைப் பிரிப்பதில் அர்த்தம் இல்லை. கரம் போர்ட்டிலும் சதுரங்கத்திலும் எதற்காகப் பிரிக்கிறோம் என்பதற்கு இன்றுவரை எனக்கு ஒருவரும் ஒழுங்கான பதில் தரவில்லை. ஹங்கேரியச் சதுரங்க வீராங்கனை யூடிட் போல்கார் 2002இல் முன்னாள் உலகச் சம்பியன் கஸ்பரோவையே தோற்கடித்தவர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் ஸ்கீட் போட்டி ஆண் பெண் இருபாலாருக்கும் பொதுவாக இருந்தது. சீனப் பெண் சாங் ஷான் அதில் எல்லா ஆண்களையும் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றானது. பெண்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது 2000இல். உடம்பின் பலம் பெரிதாகக் கணக்கில் வராத விளையாட்டில் ஒரு பெண் வென்ற பின்னரும் பெண்களை வெளியே நிறுத்திய அந்தக் கதையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது.

பிரிவு எப்போதும் பெண்ணுக்கு நன்மையாகவே பயன்பட்டது என்று சொல்லவும் முடியாது. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக் எண்ணூறு மீற்றர் ஓடினார்கள். முடிவில் களைத்துப் புல்லில் விழுந்தவர்களைப் பத்திரிகைகள் பெரிதாக்கி எழுத, பெண்களின் உடம்புக்கு இந்தத் தூரம் ஆகாது என்று முடிவெடுத்து 1960வரை அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். பெண்கள் மரதன் வர 1984 ஆனது. எண்ணூறு ஓடிமுடித்த ஆண்பிள்ளைகளும் அப்படித்தான் விழுந்து கிடப்பார்கள். விழாவிட்டால் இன்னும் வேகமாக ஓடியிருக்கலாமே என்று நான் கேட்பேன். இந்த வன்னியில், இடப்பெயர்வுகளின் போது பிள்ளையை இடுப்பிலும் அரிசிப் பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு பெண்கள் எத்தனை மைல் நடந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பெண்ணுக்கு ஏலாது என்று எங்களிடம் யாரும் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மைதானங்களில் நடப்பது வேறு மாதிரி. பெண்கள் பிரிவு தாளில் இருக்கும். பின்னேரம் மூன்றரைக்கு மைதானம் உதைபந்தாட்டக்காரர்களுக்குப் போய்விடும். ஐந்தரைக்கு மைதானம் கிடைத்து என்ன செய்வது? காட்டு ரோட்டில் யானை வரும், பெண்பிள்ளைகள் அதற்கு முன் வீடு போய்ச்சேர வேண்டும். ஆண்களுக்கான உயரத்தில் ஒட்டி வைத்த சட்டவேலிகளைப் பெண்பிள்ளைகளுக்குத் தருவார்கள். இதையெல்லாம் கேட்டு வாங்கும் சண்டையில்தான் என் வேலைக்காலத்தின் பெரும் பகுதி போயிருக்கிறது.

இனி நான் சொல்லவந்த விஷயம். சில வருடங்களுக்கு முன் வலய மட்டப் போட்டிக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். உயரம், ஒல்லி, கறுப்பு, தோள் அகலம், ஒட்ட வெட்டிய தலைமயிர். தகப்பன் இல்லாத வீடு. விடிய எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, கிரவல் ரோட்டில் சைக்கிள் உழக்கிப் பாடசாலைக்கு வருகிறவள். அந்த நெஞ்சும் கால்களும் அப்படி வந்தவைதான். ஆரம்பச் சுற்றில் வெகு சுலபமாக முதலாவதாக வந்தாள். இறுதி ஓட்டத்துக்கு முன் இன்னொரு பாடசாலையிலிருந்து வந்த பெற்றோர் சிலர் கயிற்றடிக்கு வந்துவிட்டார்கள்.

"உது பெட்டையோ பெடியனோ, ரீச்சர்? உண்மையைச் சொல்லுங்கோ."

அவளுக்குக் கேட்கிற தூரத்தில்தான் கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் பிரதி விண்ணப்பத்தோடு ஏற்கனவே கொடுத்தாயிற்று. நடுவர் அதைப் பார்த்தார், சரி என்றார். ஆனால் பொறுப்பிலிருந்த ஒருவர், பிரச்சினையை முடிக்கிற நல்லெண்ணத்தில், முதலுதவிக்கு வந்திருக்கும் தாதி பிள்ளையை ஒருக்கால் உள்ளே கூட்டிப்போய்ப் பார்க்கட்டுமே என்றார். நான் விடவில்லை. பிள்ளையை யாராவது தொட்டால் எங்கள் பாடசாலை முழு அணியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றேன். ஓடவிட்டார்கள். மூன்றாவதாக வந்தாள். அவளுடைய கால்களுக்கு அது மூன்றாமிடத்து ஓட்டம் இல்லை.

அடுத்த வருடம் அவள் பெயர் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். தாய் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரீச்சர், நாளைக்கு ஒரு இடத்தில கட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளை. ஊர்வாயில விழுந்திட்டால் என்னால மூட ஏலாது. நீங்கள் குறை நினையாதேங்கோ." அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஊர்வாய் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும்.

கடலுக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைக் கூலிக் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனுக்கு நடந்ததும் இதுவேதான், உலக மேடையில் நடந்தது. 2006 டோகா ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீற்றரில் வெள்ளி. பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, தன் உடம்புக்குள் இருப்பது இன்னதென்று அறியாத ஒருத்தியின் அந்தரங்கத்தைத் தொலைக்காட்சிகள் ஊருக்கெல்லாம் சொல்லின. விதியைக் காப்பாற்றியவர்கள் அவளைக் காப்பாற்ற ஒரு விரலையும் அசைக்கவில்லை. அதற்கு முன் 1985இல் ஸ்பெயினின் தடைதாண்டல் வீராங்கனை மரியா மார்டினெஸ் பட்டினோவுக்கும் இதே கதி. அவர் போராடி 1988இல் திரும்ப ஓட அனுமதி வாங்கினார்.

சோதனைகளின் வரலாறே அவமானங்களின் வரிசை. 1966இல் வீராங்கனைகளை வைத்தியர்கள் முன் ஆடையின்றி நிற்கவைத்தார்கள். 1968 முதல் ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை. 1996 அட்லாண்டாவில் சோதனையில் சிக்கிய எட்டுப் பெண்களுக்கும் கடைசியில் போட்டியிட அனுமதி கொடுக்கப்பட்டது. 1999இல் ஒலிம்பிக் குழு அந்த முறையையே கைவிட்டது. இப்போது 2025 செப்டம்பர் முதல், உலக மெய்வல்லுநர் சங்கம் எஸ்ஆர்வை (SRY) என்ற, ஆணுடம்பு உருவாகத் தூண்டும் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை உலகத்தரப் பெண்கள் போட்டிகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பது, வாழ்நாளில் ஒரு தடவை. எல்லோருக்கும் பொதுவாகச் செய்வதால் ஒருத்தியை மட்டும் விரல் நீட்டிக் காட்டுவது நிற்கும் என்பது அதில் எனக்குத் தெரிகிற நன்மை. ஆனால் முடிவு வேறாக வந்தால் அந்தப் பிள்ளையோடு யார் இருந்து பேசுவது? எண்ணூறு மீற்றரில் 2009இல் உலகச் சம்பியனான தென்னாபிரிக்கப் பெண் காஸ்டர் செமன்யா, இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் கூடிய உடம்பு என்பதால் மறிக்கப்பட்டு, 2018 முதல் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. பணமும் சட்டத்தரணியும் இருந்த உலகச் சம்பியனுக்கே இந்த நிலை.

திருநங்கைகள் விஷயத்திலும் என் மனதில் உள்ளதை நேராகவே சொல்கிறேன். ஆணுடம்பாகப் பூப்பு வயதைக் கடந்த ஒருவர் பெண்கள் இறுதி ஓட்டத்தில் நிற்பது சரியில்லை. ஹோர்மோனைக் குறைத்தாலும் நீண்ட எலும்பு குறுகாது, தசைப் பலமும் முழுதாக இறங்காது. அப்படிப்பட்டவர்களைப் பெண்கள் பிரிவில் சேர்ப்பதில்லை என்று உலக மெய்வல்லுநர் சங்கம் 2023 மார்ச்சில் எடுத்த முடிவு எனக்குச் சம்மதம். ஆனால் அதைச் சாக்காக வைத்து அவர்களைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டு உறவு இல்லை. ஊர்க் கழகத்தில் கரப்பந்தாட ஒரு திருநங்கை வந்தால் வலைக்கு எந்தப் பக்கமும் அவர் நிற்கலாம். அங்கே யாருடைய பதக்கமும் பறிபோகப் போவதில்லை.

பாடசாலை மட்டத்துக்கு எந்தச் சோதனையும் வரக்கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளையின் உடம்பை ஆராய வலய மட்டப் பதக்கம் போதிய காரணம் ஆகாது. பிறப்புச் சான்றிதழில் பெண் என்று இருந்தால் அவள் பெண். அதனால் ஆயிரத்தில் ஒருத்திக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் இருந்துவிட்டாலும் இருக்கட்டும். பெண்கள் பிரிவு பெண்பிள்ளைகளுக்காக உண்டானது. உயரமான, கறுத்த, மயிர் வெட்டிய பிள்ளைகளை அதன் வாசலில் மறித்து விசாரிப்பதென்றால், அதனால் பயன்பெற வேண்டியவர்களையே அது விரட்டிவிடும்.

இந்த வருடம் எங்கள் இல்லப் போட்டியில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் அஞ்சலோட்டத்தைக் கலப்பு அணிகளாக வைக்கிறோம், இரண்டு ஆண்பிள்ளை இரண்டு பெண்பிள்ளை. கிழமையில் இரண்டு பின்னேரம் மூன்றரைக்கு மைதானம் பெண்களுக்கு என்று அதிபர் எழுதித் தந்துவிட்டார். உதைபந்தாட்டப் பயிற்றுநர் முறைத்துக்கொண்டிருக்கிறார், பரவாயில்லை. பால் பற்றிய ஆட்சேபனையை மைதானத்தில் வாய்மொழியாக ஏற்கக் கூடாது, சான்றிதழே முடிவு, பிள்ளையை யாரும் பரிசோதிக்கக் கூடாது என்று போட்டி விதிகளில் ஒரு வரி சேர்க்கும்படி உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேட்பேன்.