ப்ளூ மண்டேயைப் பிரித்துப் பார்க்கிறேன்

பிப்ரவரி 9
பிரிட்டிஷ் இசைக்குழுவான நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' பாட்டை லேப்டாப்பில் ஒவ்வொரு டிராக்காகத் திரும்பக் கட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இன்று கிக் ட்ரம், அதாவது காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மின் ஒலி, மட்டும். வேகம் நிமிடத்துக்கு 130 அடி. நிதானமாக அடித்து வந்து, திடீரென்று தடதடவென ஓடும் அந்த ஆரம்பம்! ஒபெர்ஹைம் டிஎம்எக்ஸ் ட்ரம் மெஷினில் செய்தது. யோசனை டிஸ்கோ பாடகி டோனா சம்மரின் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. முதலில் போட்ட தாளம் இதைவிட நன்றாக இருந்ததாம். குழுவின் ட்ரம்மர் ஸ்டீபன் மாரிஸின் கால் பட்டு மெஷினின் வயர் கழன்று எல்லாம் அழிந்துபோனது என்கிறார் பேஸ் கிட்டார் வாசித்த பீட்டர் ஹூக். இருக்கலாம். ஆனால் இதைவிட நல்ல கிக்கை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

பிப்ரவரி 10
இன்று வேலை ஓடவில்லை, பாட்டை மட்டும் கேட்டேன். 1980 மே 18 அன்று ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். மிஞ்சிய மூன்று பேரும் குழுவின் பெயரை நியூ ஆர்டர் என்று மாற்றிக்கொண்டு, கீபோர்டு வாசிக்க கில்லியன் கில்பர்ட்டையும் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார்கள். மூன்று வருடம்கூட ஆகாத நிலையில் இந்தப் பாட்டு. இதைக் கேட்டு ஆடுகிறவர்கள் அந்தத் துக்கத்தையும் சேர்த்துத்தான் ஆடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பிப்ரவரி 15
சீக்வென்ஸர் (உள்ளிட்ட ஸ்வரங்களை வரிசையாக வாசிக்க வைக்கும் கருவி) பகுதிக்கு வந்துவிட்டேன். எனக்கு மவுஸை இழுத்தால் வேலை முடிந்தது. குழுவின் பாடகர் பெர்னார்ட் சம்னரோ உதிரிபாகங்களாக வரும் கிட் வாங்கி, தானே சால்டர் செய்து ஒரு சீக்வென்ஸரைக் கட்டினார். அதை வைத்துத்தான் மூக் சோர்ஸ் சிந்தசைஸரை (மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கீபோர்டு) ஓட்டினார்கள். அந்த சீக்வென்ஸரும் ட்ரம் மெஷினும் ஒன்றோடொன்று பேசாது என்பதால் நடுவில் தனியாக ஒரு சர்க்யூட் செய்ய வேண்டியிருந்தது.

ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உள்ளிட்டது கில்பர்ட். ஏ4 தாள்களை டேப்பால் ஒட்டி, ஸ்டுடியோ நீளத்துக்குப் பாட்டு முழுவதையும் எழுதி வைத்திருந்தாராம். பெரிய ஸ்வெட்டர் பின்னலுக்கான குறிப்பு மாதிரி இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் ஒரு ஸ்வரம் விட்டுப்போனது. மெட்டு தாளத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

"மெஷின் பாட்டு, பட்டனை அமுக்கினால் வந்துவிடும்" என்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இங்கிருந்துதான் வருகிறது. இத்தனை கைவேலை இருக்கும் பாட்டுகள் அபூர்வம்.

பிப்ரவரி 16
ஆசைக்கு அந்த மெட்டைத் தாளத்தோடு சரியாகப் பொருத்திப் பார்த்தேன். உயிரே போய்விட்டது. நகர்ந்து இருக்கும்போது மெட்டும் கிக்கும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பொருத்தினால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடுகின்றன. சரி, பழையபடியே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23
லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் பதிவானது. கோயர் (குழுவாகப் பாடும் குரல்கள்) போலக் கேட்கும் அந்த ஒலி, ஜெர்மன் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் ஆல்பத்திலிருந்து எமுலேட்டர் என்ற சாம்ப்ளரில் (ஒலித்துண்டைப் பதிந்து மறுபடி வாசிக்கும் கருவி) எடுத்தது. மேலே ஹூக்கின் பேஸ் கிட்டார், மேல் ஸ்தாயியில், மெலடி போல. அதை சிந்தசைஸரில் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. கம்பியில் விரல் படும் சத்தம் வேண்டும்.

சம்னரின் குரல் வரவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, கிடையாது. கச்சேரி முடிவில் ரசிகர்கள் இன்னொரு பாட்டு கேட்டால், மெஷினை ஓடவிட்டு இறங்கிப் போகலாம் என்ற எண்ணத்தில் தொடங்கியதாம்.

மார்ச் 2
உறையைப் பற்றி எழுதாமல் முடியாது. பீட்டர் சாவில் வடிவமைத்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி டிஸ்க் மாதிரி, வெட்டிய துளைகளோடு. முன்பக்கம் பாட்டின் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. ஓரத்தில் அந்தப் பெயர்களைச் சங்கேதமாகச் சொல்லும் வண்ணக் கட்டங்கள் மட்டும். அவற்றைப் படிக்க வேண்டிய வண்ணச் சக்கரம் பிறகு வந்த ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்தது! உறைக்கு ஆன செலவில் ஒவ்வொரு தட்டுக்கும் அதை வெளியிட்ட ஃபேக்டரி நிறுவனம் நஷ்டப்பட்டது என்று நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி வில்சன் சொல்லிக்கொண்டே இருந்தார். வாங்குபவரின் புத்தியை இவ்வளவு மதித்த உறையை நான் வேறு பார்த்ததில்லை.

மார்ச் 7
1983இல் இதே தேதியில் வெளியானது. ஏழரை நிமிடப் பாட்டு, 12 அங்குலத் தட்டில் மட்டும். அந்த மாதக் கடைசியில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில், எல்லோரும் வாயசைக்கும் மேடையில், இவர்கள் நேரடியாகவே வாசித்தார்கள். வசந்தத்தில் பிரிட்டிஷ் பட்டியலில் 12ஆம் இடம். பிறகு இறங்கி, இலையுதிர் காலத்தில் மறுபடி ஏறி 9. அந்த நாட்டில் அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள் இதுதான்.

என்னுடையது இன்னும் அரைகுறைதான். பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அப்புறம் தட்டின் மறுபக்கமான 'தி பீச்'.