ஜிம்மி, பின்னங்கால்

ஏப்ரல் 28
நாய் மசாஜுக்காக விலா எலும்பு எண்ணும் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு நான்கு தடவை எண்ணியதில் இரண்டு தடவை 12 வந்தது. நாய்க்கு 13 ஜோடி. கடைசி விலா முனை எதிலும் ஒட்டாமல் தசைக்குள் நிற்பதால் விரலுக்குத் தப்புகிறது. அதைப் பிடித்து முதுகுக்கு ஏறினால்தான் டாஷ் (நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள டாக்ஸ்ஹண்ட்) நாய்களுக்கு முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் அதிகம் பிதுங்கும் இடம் கிடைக்கும்.

மே 2
ஜிம்மி, டாஷ், டிஸ்க் ஆபரேஷன் முடிந்து 9ஆம் நாள். பின்னங்கால் இரண்டும் ஓடவில்லை. விரலிடையில் கிள்ளினால் கால் வெடுக்கென்று மடங்குகிறது. வீட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படிச் சொல்வது? அது தண்டுவடம் தானாகச் செய்யும் வேலை. மூளைக்குத் தகவலே போயிருக்காது. டாக்டர் ஃபோர்செப்ஸால் (இடுக்கி) விரல் எலும்பு வரை படும்படி அழுத்தியபோது காலைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்றார். வலி மூளைக்கு எட்டினால் தலை திரும்ப வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். ஒன்றும் இல்லை. இடது காலில் அழுத்தும்போது மட்டும் காது லேசாகப் பின்னால் போனது.

மே 3
காதைக் கணக்கில் சேர்க்கலாமா?

மே 5
மூட்டை அசைக்கும் முறை: ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால் தொங்காமல் கீழே தலையணை. மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டும் மூட்டை ஒட்டியே. பாதத்தைப் பிடித்து ஆட்டினால் நெம்புகோல் மாதிரி மொத்த பாரமும் முழங்காலில் விழும். நான் செய்த தப்பு அதுதான். விரல், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று வரிசையாக, ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, நாளைக்கு 3 வேளை. தசை எதிர்க்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருந்தார்கள். வேண்டாம். நக்கும், முடி பிசுபிசுக்கும், தையலில் இறங்கும். வெறுங்கை போதும், பாதத்திலிருந்து தொடை நோக்கி.

தோளை எல்லோரும் மறந்துவிடுகிறோம். நாய்க்கு நம்மைப் போல் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு தசையால்தான் தொங்குகிறது. இப்போது முழு உடம்பையும் அதுதான் இழுக்கிறது. தொட்டால் கட்டை.

மே 8
உடம்புச் சூடு 103.6°F. கை வைக்கவில்லை. 102.5க்கு மேல் போனால் மசாஜ் கிடையாது, டாக்டர்தான். "சிறுநீர் தானாப் போகுதே" என்கிறார்கள். போகவில்லை, நிரம்பி வழிகிறது. அடிவயிறு தேங்காய் மாதிரி. 6–8 மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர்ப்பையை அமுக்கி எடுக்காவிட்டால் தேங்கி, கிருமி பிடிக்கும்.

மே 11
மதுரையில் அழகர் எதிர்சேவை. தல்லாகுளம் பக்கம் வண்டி நுழையாது. போனில்தான்.
"மூணு வேளையும் செஞ்சேன்பா. சும்மா உதைக்கிறான்."
"முகத்தப் பாத்தீங்களாம்மா?"
"முகத்த எதுக்குப்பா?"

மே 13
தொடைச் சுற்றளவு 20.4 செ.மீ. போன வாரம் 21. டேப்பை முடிமேல் இறுக்கிவிட்டேனோ என்று சந்தேகம். பேனாக் குறி அழிந்திருந்தது. இனி அந்த இடத்தில் முடியைக் கத்தரித்து, மூன்று தடவை அளந்து சராசரி எடுக்கணும்.

மே 16
இடது: தலை திரும்பியது. தற்செயலோ என்று டாக்டர் ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அழுத்தினார். திரும்பி, ஃபோர்செப்ஸையே கடிக்கப் பார்த்தது.
வலது நாளைக்கு.