கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவரே துணை

ஸ்கூபா டைவிங்கில் தனியாக இறங்கலாமா என்று கேட்டால், துணையோடு இறங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கேமராவும் கையுமாகப் பதினைந்து மீட்டர் தள்ளித் திரிபவரைத் துணை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு. சிலிண்டரில் உள்ள காற்றும் 4 மடங்கு வேகத்தில் தீரும். மூச்சை வெளியே விட்ட நொடியில் வாயில் கவ்வி மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரிலிருந்து காற்று வராமல் போனால், எவ்வளவு தூரம் நீந்திப் போய்விட முடியும்? துணையாக வருபவரின் நெஞ்சுப் பக்கம் மஞ்சள் குழாயோடு இருக்கும் உபரி ரெகுலேட்டர் உடனே உங்கள் கைக்கு எட்ட வேண்டும்.

அப்புறம் நைட்ரஜன் மயக்கம்; ஆழத்தின் அழுத்தத்தில், மூச்சுக் காற்றிலுள்ள நைட்ரஜன் போதைபோல ஏறுவது. புத்தி மந்தமாவது பல நேரம் நமக்கே தெரியாது. சைகைக்குப் பதில் தாமதமாக வருவதைப் பார்த்து எதிரில் இருப்பவர்தான் கண்டுபிடிப்பார். சற்று மேலே வந்தால் தெளிந்துவிடும்.

முறையாகத் தனியே இறங்குபவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. தனியாக ஒரு சிறு சிலிண்டர், அதற்கென ரெகுலேட்டர், இன்னொரு மாஸ்க், கத்தி என்று எல்லாம் வைத்திருப்பார்கள். டைவிங் கற்றுத்தரும் பேடி (PADI) அமைப்பு தனியே இறங்குபவர்களுக்காக நடத்தும் 'செல்ஃப் ரிலையன்ட் டைவர்' பயிற்சியில் சேரவே 100 முறை டைவ் செய்திருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பு இல்லாமல், பழகிய இடம்தானே என்று இறங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

படகில் முன்பின் தெரியாதவரோடு ஜோடி சேர்த்துவிட்டால் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். எவ்வளவு காற்று மிச்சம் இருக்கும்போது திரும்புவது? பிரிந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு, இருவருமே நிதானமாக மேலே வந்துவிடுவதுதான் வழக்கம்.