வெள்ளவத்தை வீட்டுக் கரண்டும் என் மொடலும்

எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் கிளம்பும்போது பல்ப் ஒரு கணம் மங்கும். அந்தக் கணத்தைப் பார்த்து, இது இன்ன மின் கோளாறு என்று சொல்லும் மொடல் (உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்) ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டேன்.

மின்னழுத்தம் வழமையான அளவின் 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் தாழ்வு, 10க்கும் கீழே போனால் துண்டிப்பு, 110ஐத் தாண்டினால் உயர்வு. இவற்றோடு ஹார்மோனிக் (50 ஹேர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தில் 150, 250 போன்ற அதன் மடங்கு அலைகள் கலந்து வடிவம் கெடுவது), கணநேர அதிர்வு, கோளாறில்லாத வழமை அலை எல்லாவற்றையும் மொடலுக்கான உதாரணங்களாக பைத்தான் நிரல்மொழியில் சமன்பாடுகளால் உருவாக்கினேன். செக்கனுக்கு 3,200 அளவீடுகள், ஒரு துண்டுக்கு அலையின் 10 சுற்று. அலையை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் வேவ்லெட் முறையால் நான்கு மட்டங்களாகப் பிரித்தால் 50 ஹேர்ட்ஸ் அடிமட்டத்தில் தங்கிவிடும், 150 ஒரு மட்டத்திலும் 250, 350 இன்னொன்றிலும் விழும். ஒவ்வொரு மட்டத்தின் ஆற்றலையும் பல முடிவு மரங்களின் வாக்கைச் சேர்த்து விடை சொல்லும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற மொடலுக்குக் கொடுத்தேன். சோதனையில் 98 சதவீதம் சரி.

அப்புறம் புறக்கோட்டையில் வாங்கிய மின்னழுத்த சென்சரை ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லுடன் இணைத்தேன். இரவு முழுவதும் ஒரே பதில்: ஹார்மோனிக், ஹார்மோனிக்.

அலையை வரைந்து பார்த்தால் உச்சி தட்டையாக இருந்தது. முதல் சந்தேகம் சென்சர் மீதுதான். அதிலுள்ள, அலையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை அளவுக்கு மீறித் திருப்பினாலும் உச்சி வெட்டுப்படும். குறைத்துப் பார்த்தேன்; அலை சிறிதானது, தட்டை போகவில்லை. சார்ஜர், டிவி, எல்ஈடி பல்ப் எல்லாம் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை இழுப்பதால் வரும் தட்டை அது. நான் 'வழமை' என்று கற்பித்த சுத்தமான சைன் அலை எங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை! மூன்று மாதத்தில் இதைக் கண்ட இரவுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அதிகாலையிலும் இரவு எட்டு மணிக்கும் பதிவு செய்த வீட்டு அலைகளையே அடிப்படையாக வைத்து, அவற்றின் மேல் கோளாறுகளைச் சேர்த்து மீண்டும் பயிற்றினேன். மொத்த ஹார்மோனிக் திரிபு (50 ஹேர்ட்ஸ் அலையோடு ஒப்பிட்டால் ஹார்மோனிக் அலைகள் எவ்வளவு என்ற கணக்கு) 8 சதவீதத்தைத் தாண்டினால் மட்டுமே இப்போது ஹார்மோனிக். விநியோக மின்சாரத்துக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 50160இன் எல்லை அது.

"தம்பி, லிஃப்ட் வெளிக்கிட்டால் எங்கட வீட்டிலயும் மங்குது" என்ற கீழ்வீட்டு அன்ரியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். ஆறு நாளில் 19 தடவை குறித்திருந்தார். அதில் 16ஐ மொடல் தாழ்வு என்று பிடித்தது. தவறிய மூன்றும் ஒரு துண்டின் கடைசிச் சுற்றில் தொடங்கி அடுத்ததில் முடிந்தவை. துண்டுகளை ஐந்து சுற்று ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு இன்றிரவு மறுபடி ஓட்டுகிறேன். அன்ரியும் கொப்பியில் புதுப் பக்கம் தொடங்கிவிட்டார்.